மாடியில் ஒரு ஆபீஸ் தேடி மதுரைக்கு

போன பதிவுக்குக் கீழே ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கம்பெனிக்கு இடம் பார்க்க முதல்முறையாகத் தனியாக மதுரைக்குப் போகிறேன். எங்கே தங்கலாம்? ஊருக்குள் பார்க்கலாமா, தள்ளிப் போய்ப் பார்க்கலாமா?" நல்ல ஆளிடம்தான் கேட்டீர்கள் அம்மா. இதே வேலைக்கு, இதே ஊருக்கு, நானும் தனியாகத்தான் போனேன். 1984, ஆவணி மாதம். அன்றைய பஸ் டிக்கெட் காசில் இன்று உங்களுக்கு ஒரு வாய் சுண்டல்கூடக் கிடைக்காது. அதனால் விலைவாசியை விட்டுத்தள்ளுங்கள். ஆனால் ஒரு பெண் தனியாகப் போய் ஓர் ஊரின் கதவைத் தட்டினால் என்ன கேட்பார்கள் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறுகிற விஷயம் இல்லை. அதைச் சொல்கிறேன்.

அப்போது மெட்ராஸில் ஒரு பம்புசெட் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்திரண்டு வயது. மதுரையில் கிளை திறப்பதென்று முடிவாகி, ஆடி முடியட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்தார்கள். இடம் பார்க்கப் போகவேண்டியவர் ராகவன். அவர் மனைவிக்குப் பிரசவ நேரம். அடுத்தவருக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். இன்னொருவருக்கு மதுரை வெயில் ஒத்துக்கொள்ளாதாம், மெட்ராஸில் என்னவோ பனி பெய்கிற மாதிரி! கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்குத்தான் பிக்கல் பிடுங்கல் ஒண்ணும் இல்லையே பிரேமா. நீங்க போயிட்டு வாங்களேன்."

நல்ல மனிதர்தான், குறை சொல்லக்கூடாது. என் கணவர் செல்வராஜ் மஞ்சள் காமாலையில் இறந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. மாம்பலத்தில் அண்ணன் வீட்டு ஹாலில், எல்லோரும் படுத்த பிறகு பாய் விரித்து, எல்லோரும் எழுவதற்கு முன் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேனேஜர் வைத்த பெயர் பிக்கல் பிடுங்கல் இல்லாதது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: இடத்தை நான் பிடித்துக் கொடுத்தால் கிளைப் பொறுப்பு எனக்கா? அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: வெள்ளிக்கிழமைக்குள் சாவி என் கையில் இருந்தால் எனக்கு. இல்லையென்றால் குழந்தை பிறந்த கையோடு ராகவன் போவார். எனக்கு அது வெறும் பதவி இல்லை. மதுரையில் ஓர் அறை, அதற்கு ஒரு கதவு, அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான் என் ஆசை.

திங்கட்கிழமை மாலை எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் விடிந்ததும் மதுரை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே லாட்ஜுகள் வரிசை கட்டி நிற்கும். முதல் லாட்ஜில், "தனியாவா? ஆம்பள யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். இரண்டாவதில் ரூம் இல்லை என்றார்கள். ஆணியில் சாவிகள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் கேட்கவே இல்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டு ரேடியோவைத் திருகினார் ஒருவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரேடியோவைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். பெட்டியோடு ரோட்டில் நின்றேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர். என் வெறும் நெற்றியை ஒரு பார்வை பார்த்தார். "மிஷன் ஸ்கூலு டீச்சரா நீங்க? இங்கிட்டு ஏன் லோல்படுறீக? ஏறுங்க, நம்ம மிஷன் ஆஸ்டலுக்குப் போவம்" என்றார். மதுரையில் சுத்துப்பட்டு மிஷன் பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கிற கிறிஸ்தவப் பெண்கள் பொட்டு வைப்பதில்லை. அதனால் நல்ல புடவை கட்டிய, கையில் பை வைத்த, பொட்டில்லாத பெண் என்றால் அந்த ஊருக்கு அவள் டீச்சர். அவளுக்கு ஒரு சார் இருப்பார். மாம்பலத்தில் என் நெற்றியைப் பார்த்தால் ஜனங்கள் குரலைத் தாழ்த்துவார்கள். இங்கே ஒருவர் மரியாதையாக வண்டியில் ஏறச் சொல்கிறார். நான் ஏறிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? விவரத்தை எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்டா அலைய முடியும்?

விடுதியில் வார்டன் அம்மாள் ஊரையும் பெயரையும் கேட்டார், ஒரு வாரம் தங்கலாம் என்றார். சுத்தமான கட்டில், வேப்பமரத்தடியில் துணி காயப்போடக் கொடி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஜெபம் செய்துவிட்டு உட்காருவார்கள். பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். என்னை யாரும் ஒதுக்கவில்லை. நான்தான் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டுவிட்டு முதல் ஆளாக எழுந்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமையே கே.கே. நகர் பார்க்கப் போனேன். வைகைப் பாலம் தாண்டி, ஸ்டேஷனிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். ஆற்றில் தண்ணீர் கிடையாது. மணலில் வெளுத்த துணிகள் காய்ந்தன. மேனேஜருக்கு இந்த இடம்தான் மனதில். காற்றோட்டம், அகலமான ரோடு, புது வீடுகள். வக்கீல்களும் ஆடிட்டர்களும் ஊருக்குள் இருந்த ஆபீசைக் காலி செய்துகொண்டு இந்தப் பக்கம் வர ஆரம்பித்திருந்த காலம் அது. நான் பார்த்த மாடி ஒரு டாக்டர் வீட்டுக்கு மேல். மொசைக் தரை, குழாய், ஜன்னலுக்குக் கம்பி, ஒரு குறை சொல்ல முடியாது. டாக்டரின் மனைவி காபி கொடுத்தார். "சார் எப்ப வருவார்?" என்று கேட்டார். மேனேஜரைக் கேட்கிறார் என்று நினைத்து, "அவர் வர வேண்டியதில்லை, நானே முடிவு செய்யலாம்" என்றேன். "அதெப்படி, வீட்டுக்காரர் பார்க்காமலா?" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மத்தியானம் மூன்று மணிக்கு அந்த மாடியில் தனியாக நின்று ரோட்டைப் பார்த்தேன். ஒரு ஸ்கூட்டர் போயிற்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. எங்கேயோ குக்கர் சத்தம் கேட்டது. இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பட்டது. அண்ணன் வீட்டு ஹாலாவது தேவலை, அங்கே யாராவது என்னைத் தாண்டிப் போவார்கள்.

புதன்கிழமை ஊருக்குள். மேல மாசி வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்து போன்ற தெரு. பெயர் வேண்டாம், இன்றும் அங்கே கடை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கீழே முழுக்க எவர்சில்வர் கடை, ஸ்டேஷனரி கடை, ஒரு காபிக்கடை. மேலே எல்லா மாடியும் காலி. நூல் கமிஷன் ஆபீஸ், வக்கீல் குமாஸ்தாக்கள், டைப்பிங் செய்கிறவர்கள் என்று நிறைந்து கிடந்த மாடிகளாம். ஒவ்வொருவராக ஆற்றுக்கு அந்தப் பக்கம் போன பிறகு அட்டைப்பெட்டி போட்டு வைக்கிற இடமாகிவிட்டன. அதைத் தெருக்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கடைக்காரர்கள் கூடிப் பேசி, படிக்கட்டுக்கெல்லாம் ட்யூப் லைட் போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, சாக்கடைக்குக் கல் மூடி போட்டு, கம்பெனிகளை வலைவீசித் தேடிக்கொண்டிருந்தார்கள். இதற்கெல்லாம் தலை சோணைமுத்து அண்ணன், எவர்சில்வர் கடைக்காரர். ஐம்பது வயது. பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே வாழ்ந்ததால் ரகசியம் சொன்னாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

"மேல ஆளு இருந்தாத்தாம்மா கீழ யாவாரம். ஆபீசுக்கு வர்றவன் ஒரு காப்பி குடிப்பான், ஒரு பேனா வாங்குவான், போகைல பொண்டாட்டிக்கு ஒரு டம்ளர் வாங்கிட்டுப் போவான். இப்பப் பாருங்க, ஏழு மணிக்கெல்லாம் தெரு செத்துப் போயிருது. நீங்க ஒரு ஆபீசு வாங்க, பின்னாடி ஒம்போது ஆபீசு வரும்."

"எனக்கு முதலில் ஒன்று தெரியணும் அண்ணே. பெண்கள் வேலை செய்தால் கக்கூஸ் எங்கே?"

அவர் முழித்தார். மாடியின் பின்பக்கம் ஒரு பாத்ரூம் இருந்தது. உள்ளே நெளிந்த பாத்திரங்கள் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன. கதவே கிடையாது. "இது இல்லையென்றால் நான் கே.கே. நகருக்குப் போகிறேன்" என்றேன். கடையில் வேலை பார்க்கும் கருப்பையாவைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. "ஏலே கருப்பையா! அம்புட்டையும் கீழ எறக்குடா! நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள கதவு, தாப்பா, பல்பு, எல்லாம் இருக்கணும்!" கருப்பையாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், வாடா போடாவுக்கெல்லாம் அசருகிறவர் இல்லை. முனகிக்கொண்டே ஒரு அண்டாவைத் தூக்கினார்.

இவரும் கேட்டார்: "சார் எப்ப வாராக?" ஒரு நாற்காலி போட்டு, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுத்தான் கேட்டார். அந்த நாற்காலியும் காற்றும் யாருக்காக என்று எனக்குத் தெரியும். நான் காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜரிடம் என் பேச்சு எடுபட வேண்டுமானால் எனக்கு மோட்டார் வாங்குகிறவர்கள் வாய்ச்சொல் வேண்டும். அதனால் வியாழக்கிழமை காலை சமயநல்லூர். வடமேற்கே, திண்டுக்கல் ரோட்டில், பன்னிரண்டு கிலோமீட்டர் வாக்கில். பஸ் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. வழியெல்லாம் வாழையும் கரும்பும், நடுநடுவே காய்ந்த தரிசு. எங்கள் மோட்டாரை விற்கும் கடை ரோட்டோரம்தான். பழுதான மோட்டாரை மாட்டு வண்டியில் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். அதில் ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டவுனுக்குள்ள வச்சா வாரோம்த்தா. பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வந்துருவோம். வந்த சோலியோட சோலியா பாத்திரம் பண்டம், துணிமணி வாங்குவோம். கே.கே. நகருக்கு எவன் வருவான்? அங்க டாக்டரு வீட்டுக்குத்தான் போவாக. சீக்கு வந்தா வாரோம், மோட்டாருக்கு வர மாட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மெட்ராஸை விட்டுக் கிளம்பியதிலிருந்து அன்றுதான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். திரும்பி வந்து தந்தி ஆபீசில் ட்ரங்க் கால் போட்டு, முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து லைன் கிடைத்ததும், அந்தப் பெரியவர் சொன்னதை அப்படியே மேனேஜரிடம் கத்தினேன். அவரும் கத்தினார். "சரி, ஊருக்குள்ளேயே எடுங்க. ஆனா நாளைக்குச் சாவி வாங்கியாகணும். இழுபறின்னா கே.கே. நகர்தான், ராகவன்தான்."

நேராகச் சோணைமுத்து அண்ணன் கடைக்குப் போனேன். பாத்ரூமுக்குப் பச்சை பெயின்ட் அடித்த கதவு வந்திருந்தது. தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன், கிச்சென்று உட்கார்ந்தது. "முடிச்சுக்கலாம் அண்ணே" என்றேன். மனிதருக்கு முகமெல்லாம் பல். எதிர்க்கடைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிப்பதற்குள் மாடியில் பால் காய்ச்சிவிட்டுச் சாவி கொடுப்பது. புது வீட்டுக்குக் குடி போகிற மாதிரி ஆபீசுக்கும் பால் காய்ச்சுவது அந்தத் தெரு வழக்கம். காய்ச்சாத கட்டடத்தில் சாவி கைமாறாது.

"சாரும் நீங்களுமா நின்னு காய்ச்சிருங்க. நீங்க வேதக்காரக, ஜெபம் பண்ணிட்டுக் காய்ச்சுங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. சோடியா நிக்கணும், அம்புட்டுத்தான். சார் பேரு என்னங்கம்மா?"

"செல்வராஜ்" என்றேன்.

மாம்பலத்தில் அந்தப் பெயரை யாரும் என் முன்னால் சொல்ல மாட்டார்கள். தப்பித் தவறி வாயில் வந்துவிட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அந்தப் பாத்திரக் கடையில் சத்தமாக அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? இன்னொரு தரம் கேட்கமாட்டாரா என்று இருந்தது. "காலை வண்டிக்கு வந்துருவாகள்ல?" என்றார். தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் விடுதியில் இருப்புக் கொள்ளாமல் திருப்பரங்குன்றம் போனேன். டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்தான். மறுநாள் முகூர்த்தம் போல, ஊர் முழுக்கக் கல்யாணக் கும்பல். பூக்கடை, வளையல் கடை, பந்திக்கு இலை போடுகிற சத்தம். கோயில் வாசலில் ஒரு தூணோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாள் என்னைப் பொண்ணு வீட்டாரா, மாப்பிள்ளை வீட்டாரா என்று கேட்டார். ரெண்டும் இல்லை என்றேன். நாளைக்குச் சோணைமுத்து அண்ணனிடம் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் சாவி போச்சு. சொல்லாவிட்டால் மட்டும் செல்வராஜை எங்கிருந்து கொண்டுவருவேன்? மேனேஜர் வர முடியவில்லை, சாருக்குக் காய்ச்சல், தந்தி வந்தது என்று எல்லாப் பொய்யையும் போட்டுப் பார்த்தேன். காய்ச்சல் என்று சொல்லலாம் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அவருக்குக் காய்ச்சலில்தான் ஆரம்பித்தது. கடைசி வரைக்கும் ஒரு முடிவுக்கும் வராமல் பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கெல்லாம் போய்விட்டேன். மாடி பெருக்கிக் கழுவி, வாசலில் கோலம். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், புது எவர்சில்வர் பாத்திரம், கடையிலேயே பெரியது. சோணைமுத்து அண்ணனின் மனைவி பஞ்சவர்ணம் அக்கா பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். காபிக்கடைக்காரர், ஸ்டேஷனரி கடைக்காரர், தெரு ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் படியில் நின்றார்கள். கருப்பையாவை மட்டும் காணோம். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"கவலப்படாதீகம்மா, கருப்பையா டேசனுக்குப் போயிருக்கான். சாரக் கையோட கூட்டியாந்துருவான். வண்டி ரெண்டு மணி நேரம் லேட்டாம்."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பதரை இருக்கும், படியில் ஆட்கள் விலகினார்கள். கருப்பையா மேலே வந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார். கையில் கனமான ரோஜா மாலை.

"சாரு வரலைங்கம்மா. முன்னாடி எஞ்சின்ல இருந்து கடைசிப் பொட்டி வரைக்கும் போயிட்டேன். செல்வராஜ் சார், செல்வராஜ் சார்னு ஒவ்வொரு பொட்டியாக் கூப்புட்டுக்கிட்டே போனேன். ரெண்டு செல்வராஜ் எறங்குனாக. ஒருத்தரு போலீசுக்காரரு, அடிக்க வந்துட்டாரு. இன்னொருத்தரு அந்த மாலை எனக்கில்லன்னா பொட்டியத் தூக்குன்னாரு. நம்ம சாரு இல்லம்மா. வண்டி காலியாகுற வரைக்கும் நின்னு பாத்தேன்."

படியில் நின்றவர்கள் சிரித்தார்கள். சோணைமுத்து அண்ணன் அவரை அதட்டினார். "சரியாப் பாத்தியாடா? அடுத்த வண்டில வாராகளோ என்னமோ."

"எந்த வண்டியிலயும் வர மாட்டார் அண்ணே" என்றேன். "அவர் இறந்துபோய் ரெண்டரை வருஷம் ஆச்சு."

அந்த வாக்கியத்தை என் வாயால் சொன்னது அன்றுதான் முதல்முறை. அதுவரைக்கும் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. மாம்பலத்தில் என் அண்ணன் சொல்லியிருப்பார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லியிருப்பார்கள், என்னைப் பார்த்தாலே எல்லோருக்கும் தெரிந்திருக்கும். சொல்லி முடித்ததும்தான் அது நடந்துவிட்டது மாதிரி இருந்தது. அவர் பெயரைச் சொல்லி ஒரு ஆள் ரயில் பெட்டிகளில் கூவிக்கொண்டே போயிருக்கிறார். போயும் போயும் அந்த ஒரு நிமிஷம், எங்கேயாவது ஒரு பெட்டியிலிருந்து இறங்கியிருக்கக்கூடாதா என்று எனக்குள் ஒரு எண்ணம் வேறு!

சோணைமுத்து அண்ணனின் குரல் முதல்முறையாகத் தணிந்து கேட்டது. "ஏம்மா, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்கலையே. எப்ப வருவார்னுதானே கேட்டீங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னால் யாரோ, "நல்ல நேரம் போயிரும்ல" என்று மெதுவாகச் சொன்னார்கள். யாரும் என்னை நகரச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. என் கால்தான் தானாக எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்றுகொண்டது. மாம்பலத்தில் அண்ணன் வீட்டில் வளைகாப்பு, காதுகுத்து என்றால் நான் பின்கட்டில் போய் நின்று நின்று பழகிய கால் அது. சாவி போனது, அறை போனது, இனி ராகவனுக்கு வாழ்த்துச் சொல்லவேண்டியதுதான் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பஞ்சவர்ணம் அக்கா தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டது. ஸ்டவ் பற்றிக்கொண்டது.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் குரல். "எங்க அந்தப் புள்ள?"

யாரோ என்னைக் காட்டியிருக்க வேண்டும். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்தார்கள். "இங்க என்ன பண்ணுற?"

"நல்ல காரியம் அக்கா. நீங்க காய்ச்சுங்க."

"நான் பத்த வச்சுட்டேன். என் வேல முடிஞ்சுது. நான் போயி நாளைக்கு வீட்டுல தோசை சுடப் போறேன். இந்த ஆபீசுல நாளைக்கு ஒக்காரப் போறது நீயா, நானா? வாத்தா, பொங்கப் போகுது, அங்கிட்டு நின்னா எப்புடித் தெரியும்!" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். பிடி இரும்பு மாதிரி இருந்தது. சோணைமுத்து அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்கள், மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படியில் நின்றவர்களில் இரண்டு பேர் இறங்கிப் போய்விட்டார்கள். அதையும் மறைக்கக்கூடாது. மீதிப் பேர் நின்றார்கள். பால் பொங்கி வழிந்தது. அண்ணன் பால் டம்ளரையும் சாவியையும் ஒன்றாக என் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தக் கிளையில் பல வருடம் இருந்தேன். என் ஒற்றையறை விடுதிக்குப் பின்தெருவில் கிடைத்தது, தாழ்ப்பாளோடு. பக்கத்து மாடிக்கு ஒரு ஆடிட்டர் வந்தார், எதிர் மாடிக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வந்தது, காபிக்கடைக்காரர் இன்னொரு பெஞ்ச் போட்டார். தெரு தலைகீழாக மாறிவிட்டது என்று புளுக மாட்டேன். போன ஆபீஸ்களில் பாதி திரும்பவே இல்லை, கே.கே. நகரும் தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஏழு மணிக்குச் செத்துப்போகிற தெரு ஒன்பது மணி வரைக்கும் முழித்திருந்தது.

கேட்ட வாசகிக்கு இப்போது பதில். எந்தத் தெருவையும் மத்தியானம் ஒரு தரம், விளக்கு வைத்த பிறகு ஒரு தரம் போய்ப் பாருங்கள். உங்களைத் தேடி வருகிறவர் எந்த பஸ்ஸில் வந்து எங்கே இறங்குவார் என்று விசாரியுங்கள், அவரிடமே விசாரியுங்கள். பெண்களுக்குப் பாத்ரூம் இருக்கிறதா என்று வாடகைக்கு முன்னால் கேளுங்கள்; வாயால் கேட்காமல் கதவைத் திறந்து பாருங்கள். தங்க இப்போது நல்ல விடுதிகள் நிறைய இருக்கின்றன, முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். மதுரை வெயிலுக்குக் காலை பத்துக்குள் அலைச்சலை முடியுங்கள். அப்புறம், யாராவது "சார் எப்ப வருவார்?" என்று கேட்டால், உங்கள் பதில் எதுவானாலும் சரி, முதல் தடவையே சொல்லிவிடுங்கள்.

திரும்பிய பயணத்தையும் சொல்லி முடிக்கிறேன். அன்று எல்லோரும் கலைந்த பிறகு கருப்பையா மட்டும் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். கீழே வைக்கவும் மனசில்லை, கையில் வைத்திருக்கவும் கூச்சம். "இத என்னம்மா செய்ய?" என்றார். "எனக்குக் கொடுங்க" என்றேன். வாழை இலையில் சுற்றிக் கொடுத்தார். ராத்திரி முழுக்க விடுதியில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை வைகை எக்ஸ்பிரஸ். பகல் வண்டி, மத்தியானம் எழும்பூர் போய்விடும். மாலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திருச்சியில் ஏறிய ஒரு அம்மாள் இலையை விலக்கிப் பார்த்தார். "யாருக்கும்மா இவ்வளவு பெரிய மாலை?"

"வீட்டுக்காரருக்கு."

"குடுத்து வச்ச மனுஷன்" என்றார்.

மாம்பலத்தில் அண்ணன் வீட்டில் யாரையும் பார்க்காமல் நேராக என் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், புடவைகளுக்குக் கீழே, அவர் படம். வருகிறவர்கள் கண்ணில் படவேண்டாம் என்று ஹாலிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். ஹாலில் பழைய ஆணி அப்படியே இருந்தது. அதில் மாட்டி, மாலையைப் போட்டேன். ஓரத்தில் இதழ்கள் கறுத்திருந்தன, ஆனாலும் உதிரவில்லை. மதுரையில் இடம் கிடைத்ததையும், பச்சைக் கதவையும், கருப்பையா அவரைப் பெட்டி பெட்டியாகத் தேடியதையும், போலீஸ்காரர் அடிக்க வந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

சமையலறையிலிருந்து அண்ணி எட்டிப் பார்த்தாள். "யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கே?"

"செல்வராஜ்கிட்ட" என்றேன்.